மண் தின்ற இரண்டு யூனிட்

ஐப்பசி 17, திங்கள்

காலையில் தூறல். பத்து மணிக்கு வெயில். மறுபடி மூட்டம்.

பழைய ஐஸ் பெட்டி வீட்டுக்கு வந்தது சுனாமி வந்த வருஷம். சுனாமி மார்கழியில். பெட்டி அதற்கு முந்தின சித்திரையில். ஒரகடம் ரோடு அப்போது ஒற்றை ரோடு, எதிரே லாரி வந்தால் சைக்கிளை மண்ணில் இறக்கி நிற்க வேண்டும். நம் ஏரியில் தண்ணீர் இல்லை, மாடு மேய்ந்தது. தாம்பரத்தில் ஜூஸ் கடையை மூடினவனிடம் வாங்கினது. நாலு பேர் தூக்கியும் வாசப்படியில் இடித்தது. அந்த நெளிசல் இன்னும் இருக்கிறது.

இன்று புதுப் பெட்டி வந்தது. தீபாவளிக்கே வர வேண்டியது. சாந்தியின் மீன் வறுவல் கடைக்கு. மருமகள் சாயங்காலம் கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் கடை போடுகிறாள், ஷிப்ட் முடிந்து வருகிற பிள்ளைகள்தான் கிராக்கி. மீன் நாலு நாள் தாங்க வேண்டும். அதற்குப் பெட்டி.

புதுசின் மூஞ்சியில் கரண்ட் சிக்கனம் சொல்கிற நட்சத்திரச் சீட்டு. மகன் குமார் அதைத் தடவித் தடவிப் பார்த்தான்.

"நாள் பூரா ஓடினாலும் ஒன்றரை யூனிட்தாம்பா. உன் பெட்டி யானை. தின்னுகினே கீது."

"யானை எவ்ளோ தின்னுதுன்னு நீ எடை போட்டுப் பாத்தியா?" என்றேன்.

சாந்தி சிரித்தாள். எடை போட்டே பார்த்துவிடலாம் என்று பேச்சு. அதே மீன், அதே அளவு. முதலில் பழசு ஓடட்டும், பிறகு புதுசு. ஜெயித்தது வீட்டில் இருக்கும், தோற்றது காயலான் கடைக்கு.

மீட்டர் பார்க்கும் வேலை எனக்கு. நான் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. எண் பிடிபட்டது அட்டைப்பெட்டிக் கம்பெனி கேட்டில், பதினெட்டு வருஷம் வாட்ச்மேன். லாரி நம்பர், உள்ளே எத்தனை மணி, வெளியே எத்தனை மணி. எழுத்து பிடிபட்டது லாரிகளின் முதுகில். வீட்டில் யாருக்கும் தெரியாது, ஊரில் இன்னும் கைநாட்டுதான். இந்த நோட்டு யார் கையிலாவது சிக்கினாலும் என்னுடையது என்று நம்ப மாட்டார்கள். அது ஒரு வசதி.

ப.பெ. = பழைய பெட்டி. பு.பெ. = புதுப் பெட்டி.

சாயங்காலம் 6 மணி, மீட்டர் 8412. ப.பெ. உள்ளே.

ஐப்பசி 18, செவ்வாய்

மழை இல்லை. முழங்கால் வலி. அப்படியானால் நாளை மழை.

சங்கரா நாலு கிலோ, வஞ்சிரம் ஒன்றரை. சாந்தி கொல்லைக் குழாயில் கழுவினாள். வெறுங்கால். வீட்டுக்குள் கழுவினால் நாற்றம் போகாது என்பாள்.

ப.பெ. மூடி ரப்பர் ஒரு பக்கம் வாயைப் பிளந்திருக்கிறது. பழைய சைக்கிள் ட்யூப் வெட்டிக் கட்டினேன். குமார் பார்த்துவிட்டு, பரீட்சையில் பிட்டு வைக்கிறாயா என்றான். ஆமாம் என்றேன்.

6 மணி, 8421. ஒரு நாளைக்கு ஒன்பது. இதில் வீடு எவ்வளவு, பெட்டி எவ்வளவு? குமார் ஒன்பதும் பெட்டிதான் என்கிறான். அது நியாயமில்லை. கேட்டில் சரக்கு லாரியை எடை மேடையில் ஏற்றினால் போதாது. காலி லாரியையும் ஏற்ற வேண்டும். காலி எடை தெரியாதவன் சரக்கு எடை சொல்லக் கூடாது.

நாளை வீட்டைக் காலியாக எடை போடுவேன்.

ஐப்பசி 19, புதன்

மழை விட்டு விட்டு.

குமார் முதல் ஷிப்ட். சாந்தி படப்பைக்கு மசாலா வாங்கப் போனாள். நான் மட்டும். மீனை ஐஸ் போட்டு தெர்மோகோல் பெட்டிக்கு மாற்றினேன். இரண்டு பெட்டியும் பிளக் பிடுங்கியாச்சு. ஃபேன், டிவி, எல்லாம். கடைசியில் மெயினையும் கீழே இழுத்தேன். வீடு செத்த மாதிரி ஆயிற்று.

மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. கரண்ட் ஓடினால் மின்னும். ஓடாவிட்டால் மின்னாது. காலி லாரியைப் பார்க்கப் போய் நின்றேன்.

மின்னிற்று.

எண்ணினேன். பதின்மூன்று எண்ணினால் ஒரு தரம். மறுபடி பதின்மூன்று. மெயின் கீழேதான் இருக்கிறது. கையால் தொட்டுப் பார்த்தேன். மறுபடி மின்னிற்று.

மீட்டர் கோளாறு என்று நினைத்தேன். பிறகு, பக்கத்து வீட்டான் கொக்கி போட்டிருக்கிறான் என்று நினைத்துச் சுவரோரம் போய்ப் பார்த்தேன். இல்லை. நின்றுகொண்டே இருந்தேன். அப்புறம் ஞாபகம் வந்தது. வராமல் இருந்திருக்கலாம்.

முன்பு பெட்டி வீட்டுக்குள் இல்லை. கொல்லையில் தகரக் கொட்டகையில் இருந்தது. ரோடு போட வந்தவர்களுக்கு என் பெண்சாதி ராஜம் குச்சி ஐஸ் விற்றாள். அவளுக்கு ஒரு பழக்கம், இடி இடித்தால் மெயினை அணைப்பாள். அணைத்தால் ஐஸ் கரையும். நாலு தரம் கரைந்தது. அதனால் கொட்டகைக்குத் தனி ஒயர், மெயினுக்கு முன்னாலேயே. மீட்டரிலிருந்து நேராக. மண்ணுக்கு அடியில். இடி இடித்தால் வீடு அணையும், பெட்டி அணையாது.

பெருவெள்ளத்தில் கொட்டகை விழுந்தது. பெட்டி வீட்டுக்குள் வந்தது. ஒயரின் அந்த முனையை வெட்டி, சுற்றி, மண்ணிலேயே விட்டோம். அப்புறம் எடுக்கலாம் என்று. அந்த இடத்தில்தான் இப்போது வாடகை ரூம் மூன்று. கொல்லைக் குழாய்.

ஒயருக்கு அணைக்க வழி கிடையாது. இத்தனை வருஷமாக உயிரோடு கிடக்கிறது. மண்ணைக் கடித்துக்கொண்டு.

மெயினை மேலே தள்ளினேன். சாந்தி வந்தாள். ஏன் மாமா மூஞ்சி வெளுத்துக் கீது என்றாள். மழைக்கு என்றேன்.

6 மணி, 8429½. இனி பு.பெ.

ஐப்பசி 20, வியாழன்

விடிய விடிய மழை.

யாரிடமும் சொல்லவில்லை.

ரூம் பிள்ளைகள் ஆறு பேர், தென்காசிப் பக்கம். ரூமுக்குத் தனி மீட்டர், குழாய் மட்டும் பொது. காலையில் குளிக்கும்போது ஒருத்தன் இன்னொருத்தனிடம் சொன்னது காதில் விழுந்தது.

"ஏலே, பைப்புல கைய வச்சா சுள்ளுன்னு இழுக்குல்லா. எறும்பு கடிச்ச மாரி."

"நீ குளிச்சே நாலு நாளாச்சு. ஒடம்பு தண்ணியப் பாத்துப் பயப்படுது."

சிரித்தார்கள்.

முள் வெட்டிக் குழாயைச் சுற்றிப் போட்டேன். குழாய் உடைந்துவிட்டது, வீட்டு முன் தொட்டியில் மொண்டு குளியுங்கள் என்றேன். எங்கே தாத்தா உடைஞ்சிருக்கு, நல்லாத்தானே வருது என்றான். உள்ளே உடைந்திருக்கிறது என்றேன். பொய் சுத்தமாக வந்தது.

சாந்தி முள்ளை ஓரமாகத் தள்ளிவிட்டு மீன் கழுவினாள். எனக்குத் தெரியாமல். போய்ப் பார்த்தபோது கடைசி மீன். கையைக் குழாயில் வைத்திருந்தாள். அவள் கால் ரப்பர் செருப்பில் இருந்தது. மழைச் சேற்றுக்காகப் போட்டது. அதனால் எழுதிக்கொண்டிருக்கிறேன், இல்லாவிட்டால் எழுத மாட்டேன்.

ராஜம் செருப்புப் போட மாட்டாள். மூன்று வருஷம் முன்னால், கார்த்திகை, இதே குழாய். பாத்திரம் கழுவப் போனவள். மழை நின்ற உடனே. கை பைப்பைப் பிடித்தபடி சாய்ந்திருந்தாள். மாரடைப்பு என்றார்கள், வயசும் ஆயிற்று. குளிப்பாட்டும்போது வலது உள்ளங்கையில் ஒரு கருப்புப் புள்ளி பார்த்தேன். அடுப்புச் சூடு என்றாள் ஒருத்தி. ஆமாம், அடுப்புச் சூடு என்று நானும் சொன்னேன்.

மகள் வருகிற வரைக்கும் அவளைக் கண்ணாடி ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம், வாடகைப் பெட்டி. அதற்கும் இதே போர்டிலிருந்துதான் கரண்ட்.

அடுப்புச் சூடாக இருக்கலாம். இருக்க வேண்டும்.

6 மணி, 8435. ஐந்தரை. ஒன்பதுக்கு ஐந்தரை. குமார் சாப்பிடும்போது பழைய பெட்டிக்கு ஒப்பாரி பாடினான். நானும் சிரித்தேன்.

ஐப்பசி 21, வெள்ளி

மழை குறைவு. கொல்லையில் கணுக்கால் தண்ணீர்.

ஒயர் எந்த வழியாகப் போகிறது? அதுதான் கேள்வி. பள்ளம் தோண்டின அன்று எனக்குப் பகல் டூட்டி. திரும்பி வந்தபோது மூடி, மேலே தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். ஒயர் பத்தவில்லை, நடுவில் ஒட்டுப் போட்டோம் என்று மட்டும் சொன்னார்கள். அந்த ஒட்டுதான் அழுகியிருக்கும். ஒட்டு எங்கே?

தோண்டினது மச்சான் தேவராஜ், ராஜத்தின் தம்பி. அவன் கொரோனாவில் போய்விட்டான். இழுத்தது எலக்ட்ரீசியன் கண்ணையன், பிள்ளைப்பாக்கம்.

சாந்தியிடம் இன்று மீன் வேண்டாம், இருப்பதை வறு என்று சண்டை பிடித்தேன். பைத்தியமா மாமா, வெள்ளிக்கிழமை சம்பளம் போட்ட நாள் என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, தொட்டித் தண்ணீரில் கழுவினாள்.

ஷேர் ஆட்டோ பிடித்துப் பிள்ளைப்பாக்கம். கண்ணையன் வீடு மாறியிருக்கிறது. ஓடு போய் மாடி. நிலம் கம்பெனிக்குப் போன பிறகு கட்டியது. கூடத்தில் அவன் போட்டோ. மாலை. சின்ன பல்பு ஒன்று போட்டோவுக்கு மேலே எரிந்தது.

ஆடியில் போனானாம். அவன் பெண்சாதி என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"ஏகாம்பரம் அண்ணனா? மழையில இன்னா இவ்ளோ தூரம்?"

சும்மா பார்க்கலாம் என்று வந்தேன் என்றேன். காப்பி கொடுத்தாள். குடிக்கும்போது தானாகவே சொன்னாள்.

"உங்க வூட்டு வேல ஒண்ணு பாக்கி கீதுன்னு சொல்லிகினே இருந்தாரு. படுக்கையில கூட. இன்னா வேலண்ணே அது?"

தெரியாது என்றேன். டம்ளரைக் கீழே வைத்தபோது சத்தம் அதிகமாகக் கேட்டது.

திரும்பும்போது வானம் கருப்பு. ஆட்டோவில் இரண்டு பெண்பிள்ளைகள் OT-யைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் குரல் தூரத்தில் கேட்கிற மாதிரி இருந்தது.

6 மணி, 8440½. அதே ஐந்தரை. பு.பெ. சொன்ன சொல் தவறவில்லை.

நாளை கனமழை என்று டிவியில்.

ஐப்பசி 22, சனி

மழை. கொல்லை முழுக்கத் தண்ணீர். முள் மிதந்து ஓரம் போய்விட்டது.

காலை ஆறு மணி. சாந்தி மீன் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்கதவைத் திறக்கிற சத்தம். செருப்பு வாசலில் கிடந்தது. நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் காரணம் கேட்பாள். நேராக மீட்டரிடம் போனேன். ரப்பர் செருப்பு, காய்ந்த துணி. மீட்டருக்கு முன்னால் இருக்கிற ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினேன். அதைப் பிடுங்கினால் எல்லாம் போகும். மண்ணுக்குள் இருப்பதும் போகும்.

சிவப்பு விளக்கு அணைந்தது. பதின்மூன்று எண்ணினேன். நூறு வரைக்கும் எண்ணினேன். மின்னவில்லை.

கட்டையை வேட்டி மடியில் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

குமார் எழுந்து வந்தான். மற்ற வீட்டில் லைட் எரிகிறது, நம் வீட்டில் மட்டும் இல்லை. போர்டைப் பார்த்தான்.

"ஃபியூஸ் கட்டை எங்க?"

"என் மடியில."

"இன்னாப்பா வெளையாட்டு இது? எட்டு கிலோ மீன் கீது உள்ள."

"மீன் போனாப் போவட்டும். கொல்லையில யாரும் காலு வைக்கக் கூடாது. மண்ணுக்குள்ள ஒரு ஒயரு உசுரோட கீது."

நான் தோற்றுப்போன கோபத்தில் பேசுகிறேன் என்று முதலில் நினைத்தான். மெயினை அணைத்தும் மீட்டர் மின்னினதைச் சொன்னேன். அவன் கம்பெனி லைனில் வேலை செய்கிறவன், எர்த் என்றால் என்ன என்று தெரியும். போன் எடுத்தான்.

எலக்ட்ரீசியன் பதினொன்றுக்கு வந்தான். போர்டைக் கழற்றினான். மெயினுக்கு மேலே ஒளிந்து இரண்டு ஒயர், சுவருக்குள் இறங்கியது. சின்ன வயசுக்காரன், விசில் அடித்தான். வெட்டினான். அப்புறம்தான் கட்டையை மடியிலிருந்து எடுத்தேன். இடுப்பில் அதன் அச்சு பதிந்திருந்தது.

மழை விட்டதும் ஒயர் போன வழியே மண்ணைத் தள்ளிப் பார்த்தார்கள். ரூம் பிள்ளைகளும் வந்து கடப்பாரை பிடித்தார்கள். ஒட்டு கிடைத்தது. டேப் சுற்றி, மேலே பால் கவர் சுற்றி, சணலால் கட்டியிருந்தது. உள்ளே பச்சையாகப் பொடிந்து போயிருந்தது. குழாய்க் கம்பத்திலிருந்து ஒரு முழம்.

ஒரு முழம் கூட இல்லை. நான் கை வைத்து அளந்தேன்.

குமார் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அம்மா இங்கதானே..."

சாந்தி வாயை முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

குமார் என் பக்கம் திரும்பினான்.

"மெயினுக்கு முன்னாடி குடுக்கச் சொன்னது யாரு?"

"கண்ணையன்" என்றேன்.

அவ்வளவுதான். நாக்கில் அது தானாக வந்தது. குழாய் உடைந்துவிட்டது என்று வந்த மாதிரி.

ஐஸ் பெட்டி: பு.பெ. நிரம்பி, நேற்று ராத்திரி ப.பெ.யையும் ஓட்டினோம். பாதி மீன் ப.பெ., பாதி பு.பெ. ஐந்து மணி நேரம் கரண்ட் இல்லை. பு.பெ. மீன் கல். ப.பெ. ஓரத்து மீன் அழுத்தினால் அமுங்கிற்று. சைக்கிள் ட்யூப் காப்பாற்றவில்லை. சுவர் தடிமன், குளிர் நிற்கும் என்று இருபது வருஷமாகப் பெருமை பேசினேன். இதிலும் தோல்வி.

ஐப்பசி 23, ஞாயிறு

மழை இல்லை. வெயிலே வந்தது.

குமார் சாப்பிடவில்லை. கறி எடுக்கவில்லை. மத்தியானம் போனை எடுத்துக் கண்ணையன் வீட்டுக்குப் போட்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண்பிள்ளை மேல் வாயில் வந்ததெல்லாம் பேசினான். உன் புருஷன் எங்க அம்மாவைக் கொன்னுட்டுப் போயிட்டான் என்றான். பிறகு அழுகிற சத்தம் என் காது வரைக்கும் கேட்டது.

நிறுத்துடா என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்தது திறந்தபடி இருந்தது.

புதன்கிழமையிலிருந்து ஒயருக்குப் பயந்தேன். அது இப்போது செத்துக் கிடக்கிறது, சுருட்டி வாசலில் வைத்திருக்கிறார்கள். பயம் போகவில்லை. அதிகமாகத்தான் இருக்கிறது.

6 மணி, 8449½. பு.பெ. மட்டும்.

ஐப்பசி 24, திங்கள்

மேகம். காற்று.

காயலான் கடைக்காரன் ப.பெ. தூக்க வந்தான். இரண்டே பேர் தூக்கினார்கள். அன்றைக்கு நாலு பேர். வாசப்படியில் மறுபடி இடித்தது.

6 மணி, 8453. மூன்றரை.

கணக்குப் போட்டேன். போன வாரம் இதே வீடு, இதே புதுப் பெட்டி, ஐந்தரை. இன்று மூன்றரை. ஆக ஒரு நாளைக்கு:

பு.பெ. ஒன்றரை.
ப.பெ. ஐந்து.
வீடு இரண்டு.
மண் இரண்டு.

புதுப் பெட்டி தின்றதைவிட மண் தின்றது அதிகம். எத்தனை வருஷம் தின்றதோ. பழைய பெட்டி யானை என்று பழி சுமந்தது. யானைதான், ஆனால் அது தின்னாததும் அதன் கணக்கில் போயிற்று. கண்ணையன் கணக்கில் போன மாதிரி.

ஒயர் இழுத்த அன்றைக்குக் காலை நான் டூட்டிக்குக் கிளம்புகிறேன். போர்டுக்குக் கீழே நாலு பேர் நின்றோம். கண்ணையன் மெயினுக்குக் கீழே கொடுக்க ஒயரைச் சீவிவிட்டான். நான்தான், மேலே கொடு என்றேன்.

"வாணாண்ணே. அப்புறம் இதை அணைக்கவே வழி இருக்காது" என்றான்.

"அணைக்கக் கூடாதுன்னுதாண்டா சொல்றேன்" என்றேன்.

ராஜம், அவர்தான் இவ்வளவு சொல்கிறாரே, மேலேயே கொடு என்றாள். எனக்காகச் சொன்னாள்.

கொட்டகை விழுந்த பிறகு ஒயரை எடுத்துவிடுகிறேன் என்று இரண்டு தரம் வந்து நின்றான் கண்ணையன். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று நான் அனுப்பினேன்.

இந்தப் பக்கத்தைக் கிழித்துக் குமார் சட்டைப் பையில் வைக்கப் போகிறேன். சட்டை ஆணியில் தொங்குகிறது. நாளை முதல் ஷிப்ட், பஸ்ஸில் படிப்பான். கைநாட்டு எழுதினது என்று நம்ப மாட்டான். அதனால் கேட் ரெஜிஸ்டர் மாதிரி எழுதுகிறேன். அன்றைக்குப் போர்டுக்குக் கீழே நின்றவர்கள்:

கண்ணையன். வெளியே.
தேவராஜ். வெளியே.
ராஜம். வெளியே.
மேலே கொடு என்று சொன்னவன், இன்னும் உள்ளே இருக்கிறவன், ஏகாம்பரம்.